பைத்தானில் பட்டியல்களை வரிசைப்படுத்தலும் வடிகட்டலும்

பைத்தான் நிரல்மொழியில் பட்டியல் என்பது பல மதிப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்திருக்கும், பின்னர் மாற்றவும் கூடிய தரவு அமைப்பு. அதன் உறுப்புகளை ஏறுவரிசையிலோ இறங்குவரிசையிலோ அடுக்குவது வரிசைப்படுத்தல். ஒரு நிபந்தனைக்குப் பொருந்துபவற்றை மட்டும் எடுத்துக்கொள்வது வடிகட்டல். முன்னதற்கு 'சார்ட்' என்ற மெத்தடும் 'சார்ட்டட்' என்ற செயற்கூறும் உள்ளன. பின்னதற்கு 'ஃபில்டர்' செயற்கூறும், 'லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷன்' எனப்படும் தொடரமைப்பும் பயன்படுகின்றன. வரிசைப்படுத்தலுக்கு அடிப்படையான டிம்சார்ட் அல்காரிதம் பைத்தானிலிருந்து பிற மொழிகளுக்கும் பரவியது. பைத்தான் கணினி உலகுக்குத் தந்தவற்றுள் இதுவே தலையாயது.

தொடக்க கால வரலாறு

கைடோ வான் ராசம் ஆம்ஸ்டர்டாமின் சி.டபிள்யூ.ஐ. ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றியபோது, 1989 டிசம்பரில் பைத்தானை எழுதத் தொடங்கினார். முதல் வெளியீடு 1991 பிப்ரவரியில் வந்தது. அக்காலத்தில் பட்டியலை வரிசைப்படுத்தும் வேலை சி மொழி நூலகத்தின் 'க்யூசார்ட்' செயற்கூற்றிடம் விடப்பட்டிருந்தது. அச்செயற்கூறு இயங்குதளத்துக்கு இயங்குதளம் வேறுபட்டது. ஒரு கணினியில் நொடியில் முடிந்த வேலை இன்னொன்றில் இழுத்தடித்தது. எனவே பைத்தானுக்கென்று தனியாக ஒரு குவிக்சார்ட் எழுதப்பட்டது. 1990களில் அதன் இடத்துக்கு, பைத்தானை உருவாக்கியவர்களில் ஒருவரான டிம் பீட்டர்ஸின் சாம்பிள்சார்ட் வந்தது. பட்டியலிலிருந்து சில உறுப்புகளை மாதிரியாக எடுத்து, அவற்றைக் கொண்டு பிரிப்புப் புள்ளிகளைத் தேர்வது அதன் உத்தி. தாறுமாறாகக் கலைந்த தரவில் அது மிக விரைவாக இயங்கியது. ஆனால் சம மதிப்புள்ள உறுப்புகளின் பழைய ஒழுங்கை அது காப்பாற்றவில்லை. பாதி ஒழுங்காக இருக்கும் பட்டியலில் அந்த ஒழுங்கால் ஆதாயம் அடையவும் அதற்குத் தெரியவில்லை.

டிம்சார்ட்

நடைமுறையில் வரும் பட்டியல்கள் பெரும்பாலும் அரைகுறையாக வரிசைப்பட்டவையே. நேற்று வரிசைப்படுத்திய பதிவேட்டின் கடைசியில் இன்று நாலு வரி சேர்கிறது. தேதிவாரியான இரண்டு கோப்புகள் ஒட்டப்படுகின்றன. இதைக் கணக்கில் கொண்டு டிம் பீட்டர்ஸ் 2002இல் புதிய முறையொன்றை எழுதினார். 2003 ஜூலையில் வெளியான பைத்தான் 2.3இல் அது இடம்பெற்றது. மூல நிரலுடன் வைத்த விளக்கக் குறிப்பில் அதற்குத் தம் பெயரையே விளையாட்டாகச் சூட்டினார், பெயர் நிலைத்துவிட்டது. நீளமும் நகைச்சுவையும் கொண்ட அக்குறிப்பு, இத்துறையில் பல பாடநூல்களைவிடத் தெளிவானது.

டிம்சார்ட் பட்டியலை இடமிருந்து வலமாகப் படித்து, ஏற்கெனவே வரிசையாக உள்ள பகுதிகளை, அதாவது ஓட்டங்களை, கண்டெடுக்கிறது. இறங்குமுக ஓட்டம் கிடைத்தால் அதை அங்கேயே திருப்பிப் போடுகிறது. அந்த ஓட்டத்தில் சம மதிப்புகள் அடுத்தடுத்து இருக்கக் கூடாது. இருந்தால், திருப்பும்போது அவற்றின் முன்பின் மாறிவிடும். ஓட்டம் மிகச் சிறியதாக இருந்தால் செருகல் முறையில் குறைந்தபட்ச நீளத்துக்கு நீட்டப்படுகிறது. இந்த நீளம் 32 முதல் 64 வரை அமையும். அதை எப்படித் தேர்வது என்பதில் நுட்பம் இருக்கிறது. 2112 உறுப்புகளுக்கு 32 என்று வைத்தால் 66 ஓட்டங்கள் கிடைக்கும். கடைசியில் 2048 உறுப்புகளை வெறும் 64 உறுப்புகளோடு இணைக்க நேரும். 33 என்று வைத்தால் சரியாக 64 ஓட்டங்கள் வரும். எல்லா இணைப்புகளும் சமமாக அமையும்.

பிறகு ஓட்டங்கள் இரண்டிரண்டாக இணைக்கப்படுகின்றன. இணைக்கும்போது ஒரு பக்கத்து உறுப்புகளே தொடர்ந்து வெல்லத் தொடங்கினால், ஒவ்வொன்றாக ஒப்பிடுவதை விட்டுவிட்டு 1, 3, 7, 15 எனத் தாவித் தேடும் பாய்ச்சல் நிலைக்கு மாறுகிறது. தொடக்கத்தில் ஏழு தொடர் வெற்றிகள் இதற்கான எல்லை. தரவின் போக்குக்கேற்ப அது ஏறி இறங்கும். பாய்ச்சல் உத்தியின் வேர் பீட்டர் மெக்கில்ராயின் 1993ஆம் ஆண்டு ஆய்வுக் கட்டுரையில் உள்ளது. முழுவதும் வரிசையாக உள்ள பட்டியலுக்கு உறுப்பு எண்ணிக்கையைவிட ஒன்று குறைவான ஒப்பீடுகளே போதும். மிக மோசமான நிலையிலும் செலவு, எண்ணிக்கையையும் அதன் மடக்கையையும் பெருக்கிய அளவில் நிற்கும். இணைப்புக்குப் பட்டியலில் பாதியளவு வரை கூடுதல் நினைவகம் தேவைப்படலாம். ஆதாயத்தைப் பார்க்க இது பெரிதல்ல.

2011இல் வெளியான ஜாவா 7, பொருள்களை வரிசைப்படுத்த இம்முறையை ஏற்றது. ஆண்ட்ராய்டும் கூகுளின் வி8 ஜாவாஸ்கிரிப்ட் இயந்திரமும் இதை ஏற்றன. 2015இல் ஸ்டைன் டி கவ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 'கீ' என்ற நிரல் சரிபார்ப்புக் கருவியைக் கொண்டு ஜாவா வடிவத்தைச் சோதித்தார்கள். இணைப்புக்காகக் காத்திருக்கும் ஓட்டங்களின் நீளம் குறித்த விதி எப்போதும் காக்கப்படுவதில்லை என்று கண்டுபிடித்தார்கள். ஜாவாவில் இது நிரலையே முறிக்கக்கூடிய பிழை. பைத்தானிலும் அதே ஓட்டை இருந்தது. ஆனால் அது வெளிப்பட 2இன் 49ஆம் அடுக்கு அளவுக்கு உறுப்புகள் வேண்டும் என்பதால் யாரையும் தொட்டதில்லை. எனினும் பைத்தான் குழு விதிச் சோதனையையே திருத்தியது. ஜாவா தரப்பு காத்திருப்பு அடுக்கின் இடத்தை மட்டும் பெரிதாக்கி ஒப்பேற்றியது. அந்த அளவும் போதவில்லை என்று 2018இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் நிறுவினார்கள். பிழையைக் கண்டவர்களில் சிலர் பைத்தான் பிறந்த அதே சி.டபிள்யூ.ஐ. நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள்.

பயன்பாடு

'சார்ட்' பட்டியலை இருந்த இடத்திலேயே மாற்றிவிட்டு எதையும் திருப்பித் தருவதில்லை. அதன் விளைவை ஒரு மாறியில் இட்டுப் பார்ப்பவருக்கு வெறுமையே கிடைக்கும். 'சார்ட்டட்' மூலப் பட்டியலைத் தொடாமல் புதிய பட்டியலைத் தருகிறது. 2004 நவம்பரில் வந்த பைத்தான் 2.4இல் இது சேர்ந்தது. 'கீ' என்ற அளவுருவும் அதே பதிப்பில் வந்தது. அதற்கு முன், வேறு ஒழுங்கில் அடுக்க இரண்டு உறுப்புகளை ஒப்பிடும் செயற்கூறு ஒன்றை எழுதித் தர வேண்டியிருந்தது. அது ஒவ்வொரு ஒப்பீட்டுக்கும் அழைக்கப்படும். ஒப்பிட வேண்டிய மதிப்பைத் தரும் 'கீ' செயற்கூறோ ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரே முறைதான் அழைக்கப்படுகிறது. 2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3.0 பழைய ஒப்பீட்டுச் செயற்கூற்றை நீக்கியது. இதனால் இழப்பு ஒன்றும் இல்லை. வேண்டுவோருக்காக அதைக் 'கீ'யாக மாற்றித் தரும் கருவி 'ஃபங்டூல்ஸ்' தொகுதியில் பின்னர் சேர்க்கப்பட்டது.

சம மதிப்புகளின் பழைய ஒழுங்கு மாறாது என்பதால் அடுக்கு வரிசைப்படுத்தல் எளிது. மாணவர் பட்டியலை முதலில் பெயராலும் பிறகு மதிப்பெண்ணாலும் வரிசைப்படுத்தினால், ஒரே மதிப்பெண் பெற்றவர்கள் பெயர் வரிசையிலேயே நிற்பார்கள். 'ரிவர்ஸ்' அளவுருவால் இறங்குவரிசை கேட்டாலும் இது மாறாது. எண்ணையும் எழுத்துச் சரத்தையும் கலந்து வைத்த பட்டியலைப் பைத்தான் 2 ஏதோவொரு வரிசையில் அடுக்கித் தந்தது. பைத்தான் 3 பிழை காட்டி நிற்கிறது, அதுவே சரி. எண்களைச் சரங்களாக வைத்திருந்தால் 100 முதலிலும் 25 பிறகும் வரும்.

தமிழ்ச் சொற்கள்

சரங்களைப் பைத்தான் யூனிகோடு குறியெண்படி ஒப்பிடுகிறது. யூனிகோடில் தமிழ் எழுத்துகளின் அடுக்கு ஐ.எஸ்.சி.ஐ.ஐ. என்ற இந்தியத் தரத்தை ஒட்டியது, நெடுங்கணக்கை ஒட்டியதல்ல. அங்கே ன நகரத்தை அடுத்தும், ற ரகரத்தை அடுத்தும், ழ ளகரத்தை அடுத்தும் உள்ளன. அகராதியில் மலை முன்னும் மனம் பின்னும் வரும். பைத்தான் மனத்தை முன்னால் வைக்கும். புள்ளியின் குறியெண் உயிர்க்குறிகளுக்குப் பின்னால் இருப்பதால் கலைக்குப் பிறகுதான் கல் வரும். ஓப்பன்-தமிழ் என்ற திறந்த மூல நிரல்தொகுப்பில் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரிக்கவும் அகரவரிசைப்படி இரு சொற்களை ஒப்பிடவும் செயற்கூறுகள் உள்ளன.

வடிகட்டல்

'ஃபில்டர்' 1994 ஜனவரியில் வந்த பைத்தான் 1.0 முதல் உண்டு. லிஸ்ப் மொழியில் பழகிய ஒருவர் 'லாம்டா', 'மேப்', 'ரெட்யூஸ்' ஆகியவற்றோடு இதையும் எழுதி அனுப்பினார் என்று கைடோ நினைவுகூர்ந்துள்ளார். காம்ப்ரிஹென்ஷன் 2000 அக்டோபரில் பைத்தான் 2.0இல் சேர்ந்தது, ஹாஸ்கெல் மொழியிடமிருந்து பெற்றது. நிபந்தனையைத் தொடருக்குள்ளேயே எழுதிவிடலாம் என்பதால் தனிச் செயற்கூறு தேவையில்லை. 'ஃபில்டர்' உள்ளிட்டவற்றைப் பைத்தான் 3இல் நீக்கிவிடலாம் என்று 2005இல் கைடோ முன்மொழிந்தார். எதிர்ப்பு எழுந்ததால் 'ரெட்யூஸ்' மட்டும் 'ஃபங்டூல்ஸ்' தொகுதிக்கு இடம்பெயர்ந்தது, மற்றவை தங்கிவிட்டன. வடிகட்டலுக்கு உரிய பைத்தான் வழி காம்ப்ரிஹென்ஷனே. பைத்தான் 3இல் 'ஃபில்டர்' பட்டியலைத் தராமல், ஒரே முறை மட்டும் படிக்கக்கூடிய இட்டரேட்டரைத் தருகிறது. பட்டியலில் சுற்றிக்கொண்டே உறுப்புகளை நீக்குவது பரவலான பிழை: 2, 4, 5 என்ற பட்டியலில் இரட்டை எண்களை அப்படி நீக்கினால் 2 போனதும் 4 முன்னால் நகர்ந்து தப்பித்துவிடும்.

தற்போதைய நிலை

பைத்தான் 3.7 எல்லா உறுப்புகளும் ஒரே வகையாக உள்ள பட்டியல்களின் வரிசைப்படுத்தலை விரைவாக்கியது. 2022இல் வந்த 3.11 முதல், ஓட்டங்களை எந்த ஒழுங்கில் இணைப்பது என்பதை இயன் மன்ரோ, செபாஸ்டியன் வைல்ட் ஆகியோரின் பவர்சார்ட் முறை முடிவு செய்கிறது. 3.12இல் காம்ப்ரிஹென்ஷன்களும் வேகம் பெற்றன.