காட்டுக்கோழியின் கழுத்தும் குண்டுச் சங்கிலியும்

சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்திறகு ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், அதன் நுனி இறகு போலவே இருக்காது. மற்ற பறவைகளுக்கு மென்மையாகப் பிரிந்து நிற்கும் இழைகள் இங்கே ஒன்றோடொன்று ஒட்டிக் கெட்டிப்பட்டு, மெழுகுச் சொட்டு விழுந்து உறைந்ததைப் போன்ற ஒரு தகடாகிவிடுகின்றன. நடுவில் வெள்ளைப் புள்ளி, நுனியில் மஞ்சள் பளபளப்பு, சுற்றிலும் கருமை. கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தால் சிறிய மீனொன்றின் கண். இந்தப் பறவை இந்தியத் தீபகற்பத்தை விட்டால் உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. நீலகிரியும் சேர்வராயனும் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரக் காடுகளும் அதன் வீடு. புதுச்சேரியில் தங்கியிருந்த பிரெஞ்சு இயற்கையியலாளர் பியேர் சொன்னரா, 1782இல் வெளிவந்த தம் பயண நூலில் இதைப் பற்றி எழுதினார். 1813இல் டச்சு விலங்கியலாளர் டெமின்க் இதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது சொன்னராவின் பெயரையே சூட்டினார். அப்போது ஐரோப்பாவின் அருங்காட்சியகங்கள்தான் இதை விரும்பின. அடுத்த அரை நூற்றாண்டுக்குள் ஸ்காட்லாந்தின் சால்மன் ஆற்றங்கரைகளிலும் இதன் கழுத்துத் தோலுக்கு ஆள் வந்துவிட்டது.

தூண்டில் முள்ளின் மேல் நூலும் இறகும் ரோமமும் சுற்றி, புழுவோ மீன்துண்டோ இல்லாமல் மீனை ஏமாற்றுவதற்குச் செய்யும் பொருளை ஆங்கிலேயர் ‘ஃபிளை’ என்றார்கள். பெயர் ஈ என்றாலும் எல்லா ஃபிளையும் ஈயைப் போலிருக்காது. டிரவுட் மீனுக்குக் கட்டும் சிறிய ஃபிளைகள் நீரில் பிறக்கும் பூச்சிகளைப் போலச் செய்யப்படுவதால் அவற்றுக்குக் கண் வைக்க யாரும் மெனக்கெடவில்லை. சால்மன் ஃபிளை வேறு ரகம். முட்டையிடக் கடலிலிருந்து ஆற்றுக்குள் ஏறி வரும் சால்மன் வழியில் இரையே எடுப்பதில்லை. ஆகவே எதைப் போலச் செய்ய வேண்டும் என்ற கட்டுப்பாடு கட்டுபவருக்கு இல்லாமல் போயிற்று. விக்டோரியா காலத்தில் அது தனிக் கலையாகவே வளர்ந்தது. 1895இல் ஜார்ஜ் கெல்சன் எழுதிய சால்மன் ஃபிளை நூல் அந்தக் கலையின் உச்சம். டூக்கான் பறவையின் மார்பிறகும் தங்கநிறப் பெசன்ட்டின் கொண்டையும் மக்காவின் வாலும் ஒரே முள்ளில் சேரும் செய்முறைகள் அதில் உண்டு. புகழ்பெற்ற ‘ஜாக் ஸ்காட்’ ஃபிளையின் இரு பக்கத்திலும் நம் காட்டுக்கோழியின் கண் ஒட்டிக்கொண்டிருக்கும். ‘டர்ஹாம் ரேஞ்சர்’ ஃபிளையில் அதன் நீளமான கழுத்திறகுகளே சிறகாகின்றன. ஃபிளையின் கண்ணாக அந்த இறகை நிலைநிறுத்தியது மீனின் தேவை அன்று. பேரரசின் துறைமுகங்களுக்கு இறகு மூட்டைகள் வந்திறங்கிய வசதியும், அதைப் பார்த்துப் பழகிய கண்களின் ரசனையும்தான் அதற்குக் காரணம்.

பறவையின் பக்கத்திலிருந்து பார்த்தால் இது வேட்டைக் கணக்கு. சேவலின் கழுத்தை முழுதாக உரித்து உலர்த்திய தோலைத்தான் கட்டுபவர்கள் வாங்கினார்கள். நீலகிரியில் வேட்டையைக் கட்டுப்படுத்த 1879இலேயே தனிச் சட்டம் வந்தது. அதன் பாதுகாப்பில் மானோடும் காட்டெருமையோடும் காட்டுக்கோழியும் இருந்தது. 1902இல் இந்திய அரசு காட்டுப் பறவைகளின் தோலும் இறகும் வெளிநாட்டுக்குப் போவதைத் தடை செய்தது. 1921இல் பிரிட்டன் தன் பங்குக்கு இறகு இறக்குமதிச் சட்டத்தை இயற்றியது. அப்படியும் காட்டுக்கோழிக் கழுத்துகள் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மேற்கத்திய தூண்டில் கடைகளில் கிடைத்தே வந்தன. 1972ஆம் ஆண்டின் வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இந்தியக் காட்டிலிருந்து அதை எடுத்து விற்கச் சட்டத்தில் வழியே இல்லை. அப்போதிருந்து ஃபிளை கட்டுவோர் நடுவே ஒரு புலம்பல் தொடர்கிறது: உண்மையான கண் போயிற்று, இனி வருவதெல்லாம் பெயின்டும் பிளாஸ்டிக்கும்தான், கலை தாழ்ந்துவிட்டது என்று. இந்தப் புலம்பல் வரலாற்றைத் தலைகீழாகப் படிக்கிறது என்பதே என் வாதம். வீட்டில் செய்த கண் இறகுக் கண்ணின் ஏழை உறவு அன்று. இறகால் எந்நாளும் செய்ய முடியாத ஒரு வேலையை அது செய்தது; அந்த வேலையால்தான் ஃபிளைத் தூண்டில் புதிய நீர்நிலைகளுக்குப் போனது.

காலவரிசையைப் பாருங்கள். கலிபோர்னியாவின் யுரீகா ஊரில் ஃபிளை கட்டி விற்ற ஜிம் பிரே, 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில் ‘ஆப்டிக்’ என்ற வகையைக் கொண்டுவந்தார். உள்ளே பொள்ளலான பித்தளைக் குண்டு ஒன்றைப் பிளந்து, முள்ளின் தலையில் கவ்வ வைத்து, அதன் மேல் கண்ணும் கண்மணியும் தீட்டினார். அவர் குறிவைத்தது மழைக்காலத்தில் கலங்கி ஓடும் ஆறுகளில் ஏறும் ஸ்டீல்ஹெட் மீனை. நீலகிரியில் ஹெச். சி. வில்சன் 1907 வாக்கில் அவலாஞ்சியில் பொரித்து வளர்த்த ரெயின்போ டிரவுட்டின் இனம்தான் ஸ்டீல்ஹெட்டும்; கடலுக்குப் போய்த் திரும்புவது ஒன்றே வேறுபாடு. பிரேயின் காலத்தில் காட்டுக்கோழி இறகுக்குத் தட்டுப்பாடு கிடையாது. அமெரிக்காவின் மறு கரையில், மேய்ன் மாநிலத்தில், கேரி ஸ்டீவன்ஸ் அந்த இறகையே கன்னத்தில் வைத்து ‘கிரே கோஸ்ட்’ ஃபிளையைக் கட்டிக்கொண்டிருந்தார். இறகு கையெட்டும் தூரத்தில் இருந்தும் பிரே பித்தளையை எடுத்தார் என்றால், இறகு எங்கே தோற்றது என்பதை அவருடைய ஆறே சொல்லிக்கொடுத்திருக்கிறது. கலங்கிய வெள்ளத்தில் ஃபிளை ஆழத்துக்குப் போக வேண்டும். இறகுக்கு எடை கிடையாது.

வீட்டுக் கண்களில் மிக எளியது தீட்டிய கண். நூல் சுற்றி அரக்குப் பூசிய தலையின் இருபுறமும், ஆணியின் தட்டையான கொண்டையை மஞ்சள் எனாமலில் தொட்டு ஒரு பொட்டு வைப்பார்கள். அது நன்றாகக் காய்ந்த பின், அதைவிடச் சிறிய ஆணியால் நடுவில் கறுப்புப் பொட்டு. அவசரப்பட்டால் கறுப்பு மஞ்சளில் கரைந்து கண் கலங்கிவிடும். இறால், நண்டு போன்ற ஃபிளைகளுக்கு எரித்த கண். தடித்த நைலான் தங்கூசியில் ஒரு துண்டை இடுக்கியில் பிடித்து நுனியைத் தீக்கு அருகே கொண்டுபோனால், அது உருகிச் சுருண்டு உருண்டையாகத் திரளும். சுடரில் நேராகக் காட்டினால் எரிந்து கருகிவிடும். சுடரின் ஓரத்துச் சூடே போதும். இரு முனையையும் இப்படித் திரட்டிக் கறுப்பில் தோய்த்தால் இறாலுக்கு இருப்பதைப் போலவே காம்பின் மேல் நிற்கும் இரண்டு கண்கள் கிடைக்கும். காட்டுக்கோழி இறகு அத்தனை அழகாக இருந்தும் ஃபிளையின் பக்கத்தில் ஒட்டிக் கிடக்கும். காம்பின் மேல் அதை நிறுத்த முடியாது.

ஆனாலும் உண்மையான திருப்பம் குண்டுச் சங்கிலியில்தான் நடந்தது. குளியல் தொட்டியின் அடைப்பானைக் கட்டி வைக்கவும், பழைய விளக்குகளின் சுவிட்சை இழுக்கவும் பயன்பட்ட, சின்னச் சின்ன உலோகக் குண்டுகள் கோத்த சங்கிலி அது. இரண்டு குண்டு வருமாறு வெட்டி, முள்ளின் தண்டுக்குக் குறுக்கே வைத்து, நூலைப் பெருக்கல் குறி போல மாற்றி மாற்றிச் சுற்றினால் கண் தயார். கடைச் சாமானைக் கண்ணாக்கிய இந்தச் சிக்கனத்துக்குள் ஓர் இயற்பியல் ஒளிந்திருந்தது. முள்முனை இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் எடையை வைத்தால், நீருக்குள் ஃபிளை தலைகீழாகப் புரண்டு முனை மேல்நோக்கி நிற்கும். அடியில் உரசி இழுத்தாலும் பாசியிலோ பவளத்திலோ மாட்டாது. 1977இல் பஹாமாவின் ஆண்ட்ரோஸ் தீவில், வழிகாட்டி சார்லி ஸ்மித்தோடு மீன்பிடித்த பாப் நாஹைம் இந்தக் கண்ணோடு கட்டிய ஃபிளை, பின்னாளில் ‘கிரேஸி சார்லி’ என்று பெயர் பெற்றது. முழங்கால் அளவு நீரில் மணலைக் கிளறி மேயும் போன்ஃபிஷ் மீனுக்கு உலகெங்கும் இன்று கட்டப்படும் ஃபிளைகளில் பல அதன் வழித்தோன்றல்கள். பத்தாண்டு கழித்து, 1987இல், பென்சில்வேனியாவின் சஸ்குவஹானா ஆற்றங்கரையில் பாப் கிளவுசர் ஈயத்தாலான இரட்டைக் குண்டுக் கண்ணை வைத்துத் தம் மின்னோ ஃபிளையைக் கட்டினார். ஒவ்வொரு இழுப்புக்கும் எழும்பி, விட்டதும் தலை கவிழ்ந்து விழும் அதன் துள்ளல் முழுவதும் அந்தக் கண்ணின் எடையில் பிறக்கிறது. அதே ஆண்டு, ஈயம் விழுங்கி அன்னங்கள் செத்ததால், பிரிட்டன் சிறிய ஈயத் தூண்டில் குண்டுகளின் விற்பனையைத் தடை செய்தது. பறவைக்காக இறகை விட்டவர்கள் பறவைக்காகவே ஈயத்தையும் விட வேண்டிவந்தது. பித்தளையிலும் டங்ஸ்டனிலும் கண்கள் வரத் தொடங்கின.

இதற்கு எதிராக நியாயமான கேள்விகள் உண்டு. நீங்கள் சொல்வது எடையின் வரலாறுதானே, கண்ணின் வரலாறு எப்படி ஆகும் என்று கேட்கலாம். கண்ணில்லாத ஃபிளையையும் மீன்கள் நாள்தோறும் கவ்வுகின்றன என்பது மறுக்க முடியாத உண்மை. கண் என்பது மீனைவிட வாங்குகிறவரைப் பிடிக்கவே என்று ஃபிளை கட்டும் அனுபவசாலிகள் சிலரே சொல்கிறார்கள். இதில் பாதியை ஏற்கிறேன். பூச்சியைப் போலக் கட்டிய ஃபிளையில் கண் வீண்தான். ஆனால் மீனைத் தின்னும் மீன் இரையைப் பெரும்பாலும் தலைப்பக்கமாகவே விழுங்குகிறது. செதிலும் துடுப்பு முட்களும் தொண்டையில் குத்தாமல் இறங்க அதுவே வழி. எனவே தலை எங்கே என்பது வேட்டையாடும் மீனுக்கு முக்கியமான செய்தி. பவளப்பாறையில் வாழும் வண்ணத்துப்பூச்சி மீன்கள் பல, உண்மையான கண்ணைக் கறுப்புப் பட்டையால் மறைத்து, வாலருகே பொய்க்கண் ஒன்றை ஏந்தித் திரிகின்றன. துரத்துகிறவனுக்குக் கண் ஒரு பொருட்டே இல்லையென்றால் இயற்கை இந்த ஏற்பாட்டைச் செய்திருக்காது. கண் மட்டுமே மீனைப் பிடித்துத் தருகிறது என்று நான் சொல்லவில்லை. தலை எங்கே இருக்கிறது என்று காட்டுவதும், அந்தத் தலையைக் கீழே இழுப்பதும் ஒரே பொருளால் நடந்தன. அது வீட்டு மேசையில் பிறந்தது. இரண்டையும் பிரித்து எழுதினால்தான் வரலாறு பிழையாகும்.

இன்னொரு எதிர்ப்பு அழகின் பெயரால் வருகிறது. தீட்டிய கண்ணில் அந்த மெழுகுத் தகட்டின் உள்ளொளி கிடையாது என்கிறார்கள். கிடையாதுதான். ஆனால் இறகின் மேல் வைக்கும் பக்தி எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2009இல் இங்கிலாந்தின் டிரிங் அருங்காட்சியகத்தில் புகுந்து, 299 பறவைத் தோல்களைத் திருடிப் போனவர் ஒரு சால்மன் ஃபிளை கலைஞர். இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் சேகரித்தவைகூட அவற்றில் இருந்தன. எந்த ஆய்வாலும் மீட்க முடியாதபடி அவற்றில் பல பிய்த்துப் பிரிக்கப்பட்டன. அழகுக்கு அந்த விலை கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. பழைய செய்முறையில் கட்டியே தீர வேண்டும் என்பவர்களுக்காகப் பிரிட்டனில் கூண்டில் வளர்க்கும் காட்டுக்கோழிகளின் கழுத்துகள் இன்று முறைப்படி விற்கின்றன, அது போதும். மேற்குத் தொடர்ச்சி மலையில் சேவல் இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் அந்தக் கழுத்திறகுகளைத் தானே உதிர்த்துவிட்டு, கொஞ்ச காலம் கருத்த குட்டை இறகோடு புதருக்குள் ஒதுங்கித் திரிகிறது. பிறகு கண் பதித்த புதிய இறகுகள் அதன் கழுத்தில் மறுபடியும் முளைக்கின்றன.