ஞாயிறு ஆராதனை யூடியூபில்: எது செல்லும், எது செல்லாது?

நீங்கள் பெங்களூருவிலோ புனேயிலோ வேலை பார்க்கிறீர்கள். ஞாயிறு காலை, உங்கள் ஊர் சர்ச்சின் ஆராதனை யூடியூபில் நேரலையாக ஓடுகிறது. பாட்டு கேட்டாச்சு, பிரசங்கம் கேட்டாச்சு, யுபிஐயில் காணிக்கையும் போட்டாச்சு. அப்படியென்றால் சர்ச்சுக்குப் போனதாகக் கணக்கா? கொரோனா ஊரடங்கு முடிந்த பிறகும் பல சபைகள் கேமராவை அணைக்கவில்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு எல்லா சபைகளும் ஒரே பதிலைச் சொல்வதில்லை.

எப்படித் தொடங்கியது?

2020 மார்ச் 25 அன்று நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கியபோது தவக்காலம் நடந்துகொண்டிருந்தது. மார்ச் 27 அன்று போப் பிரான்சிஸ், ஆளே இல்லாத புனித பேதுரு சதுக்கத்தில் நின்று ஜெபித்ததை உலகம் திரையில் பார்த்தது. ஏப்ரல் 12 அன்று வந்த ஈஸ்டர், இந்தியாவில் பூட்டிய கதவுகளுக்குப் பின்னால் நடந்தது. வழிபாட்டுத் தலங்களைத் திறக்க மத்திய அரசு ஜூன் 8 முதல் அனுமதித்தாலும், அந்த ஆண்டு வேளாங்கண்ணிப் பெருவிழா பக்தர்கள் கூட்டம் இல்லாமல்தான் நடந்தது.

ஒலிபரப்பு ஊழியம் இதற்கு முன்பே இருந்ததுதான். மணிலாவிலிருந்து வந்த ரேடியோ வெரித்தாஸ் தமிழ்ச் சேவையை உங்கள் தாத்தா சிற்றலையில் கேட்டிருக்கலாம். 2018இல் அது சிற்றலையை விட்டு இணையத்துக்கு வந்துவிட்டது. டிவி பிரசங்கமும் பழையதுதான். அப்படியானால் கொரோனா எதை மாற்றியது? அதுவரை ஒளிபரப்பியவர்கள் எங்கோ இருந்த பெரிய ஊழியங்கள். 2020க்குப் பிறகு, உங்கள் பெயர் தெரிந்த பாதிரியாரும் உங்கள் சொந்த சபையும் ஒளிபரப்பத் தொடங்கினார்கள்.

திரையில் எது செல்லாது?

கத்தோலிக்கத் திருச்சபையின் நிலை தெளிவானது. இணையத்தில் அருட்சாதனங்கள் கிடையாது என்று வத்திக்கான் 2002லேயே எழுதிவிட்டது. நேரலைத் திருப்பலி உதவியானது, ஆனால் நேரில் பங்கேற்பதற்கு அது ஈடாகாது என்று 2020இல் கர்தினால் ராபர்ட் சாரா ஆயர்களுக்குக் கடிதம் அனுப்பினார். நற்கருணையைத் திரை வழியாகப் பெற முடியாது. போனில் பாவசங்கீர்த்தனமும் செல்லாது.

புராட்டஸ்டன்ட் சபைகளில் பதில் பலவிதம். வீட்டில் அப்பமும் ரசமும் வைத்துக்கொண்டு ஜூம் வழியாகத் திருவிருந்தில் சேரலாமா? பிரிட்டனின் மெதடிஸ்ட் திருச்சபை 2018இல் கூடாது என்றது. 2021இல் சோதனை முறையில் சில ஆண்டுகளுக்கு அனுமதித்தது. பிரசங்கத்தையும் ஜெபத்தையும் மையமாக வைக்கும் சபைகளுக்குத் திரை அவ்வளவு பெரிய சிக்கல் இல்லை. அப்பத்தையும் ரசத்தையும் மையமாக வைக்கும் சபைகளுக்குத்தான் சிக்கல்.

'வியூஸ்' என்பது ஆளா?

500 வியூஸ் என்றால் 500 பேர் ஆராதித்தார்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு போனைச் சுற்றி குடும்பமே உட்கார்ந்திருக்கலாம். ஒருவர் இரண்டு நிமிடத்தில் அடுத்த வீடியோவுக்குத் தாவியிருக்கலாம். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் சுமார் 44 லட்சம், அதாவது 6.12 சதவீதம். ஆனால் கணக்கெடுப்பு மதத்தைத்தான் கேட்கும்; சர்ச்சுக்குப் போனீர்களா என்று கேட்காது. அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் கேட்டது. 2023இல் அது வெளியிட்ட முடிவுப்படி, வயது வந்தோரில் சுமார் கால்வாசிப் பேர் வழிபாட்டை ஆன்லைனிலோ டிவியிலோ வழக்கமாகப் பார்க்கிறார்கள். ஆனாலும் நேரில் போகிறவர்களுக்குத்தான் மனநிறைவு அதிகம்.

காணிக்கை அனுப்பும் முன்...

வெளிநாட்டில் இருக்கிறீர்களா? இந்தியக் குடியுரிமையோடு, உங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனால் வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டால், கையில் ஓசிஐ அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். அதை வாங்க சபைக்கு எஃப்சிஆர்ஏ பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, அந்தப் பணம் முதலில் எஸ்பிஐயின் டெல்லி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்து சேர வேண்டும். திரையில் தெரியும் க்யூஆர் கோடுக்கு உங்கள் வெளிநாட்டு உறவினர் அனுப்புகிற பணத்தால் சிக்கலில் மாட்டுவது சபை. இன்னொன்று: 80ஜி என்று நாம் பழகிய வரிச் சலுகை, வழிபாட்டுச் செலவுக்கான காணிக்கைக்குப் பொதுவாகக் கிடைக்காது.

ஜெபக் குறிப்புகளிலும் கவனம் தேவை. அம்மாவின் புற்றுநோய், தம்பியின் கடன், தங்கையின் கல்யாணப் பேச்சு எல்லாம் நேரலை சாட்டில் போய்விட்டால், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். பாதிரியாருக்குத் தனியாக ஒரு போன் போடுங்கள், போதும்.

யாருக்காக அந்தக் கேமரா?

உங்களுக்கு நேரலை ஒரு வசதி. படுக்கையில் இருக்கும் பாட்டிக்கோ, மாடிப்படி இறங்க முடியாத மாமாவுக்கோ அப்படி இல்லை. அவர்களுக்கு சபையோடு மிச்சம் இருக்கும் தொடர்பே அதுவாக இருக்கலாம். கூட்டம் திரும்பி வந்துவிட்டது என்று கேமராவை அணைத்தால், முதலில் காணாமல் போவது அவர்கள்தான்.

அதே நேரம், நேரலை இருக்கிறதே என்று வீட்டுச் சந்திப்பு நின்றுபோனாலும் இழப்பு அவர்களுக்குத்தான். நோயாளிகளின் வீட்டுக்கு நற்கருணை கொண்டுபோவது திருச்சபையின் பழைய வழக்கம். நேரலையைப் பார்ப்பவர் யார், எந்தத் தெரு, நடக்க முடியுமா என்பதெல்லாம் யூடியூபுக்குத் தெரியாது. ஊரில் உங்கள் பாட்டி திரையில்தான் ஆராதனை பார்க்கிறார் என்றால், அதைச் சபைக்கு ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். யாராவது நேரில் போய்ப் பார்ப்பார்கள்.