டிஎன்ஏ நகலாக்கமும் உட்கருவின் அமைப்பும்

டிஎன்ஏ-வை நகலெடுக்கும் நொதியை முதலில் இனங்கண்டவர் ஆர்தர் கோர்ன்பெர்க். 1956-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில் அவருடைய குழு ஈ.கோலை பாக்டீரியாவின் சாற்றிலிருந்து டிஎன்ஏ பாலிமரேஸைப் பிரித்தது. சோதனைக் குழாயிலேயே அந்த நொதி வேலை செய்ததால், செல்லின் உள்ளமைப்பு இதில் பொருட்படுத்தத்தக்கதல்ல என்றே தோன்றியது. ஆனால் 1963-இல் ஜேக்கப், பிரென்னர், குசான் ஆகியோர் பாக்டீரியாவின் டிஎன்ஏ செல் சவ்வில் பிணைந்தே நகலாகிறது என்ற கருதுகோளை முன்வைத்தனர்.

நகலாக்கத்துக்குச் செல்லின் உள்ளமைப்பு தேவையா என்ற கேள்வி உட்கருவுள்ள செல்களில் 1974-இல் கூர்மை பெற்றது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பெரெஸ்னியும் காஃபியும் எலியின் கல்லீரல் உட்கருக்களைச் செறிந்த உப்புக் கரைசலாலும் சோப்புப் பொருள்களாலும் நொதிகளாலும் கழுவினர். பெரும்பாலான டிஎன்ஏ நீங்கியபின் எஞ்சியது ஒரு புரதச் சட்டகம். புதிதாக உருவான டிஎன்ஏ அந்தச் சட்டகத்தை ஒட்டியே மிகுந்திருந்ததை மறு ஆண்டு, புதிய டிஎன்ஏ-வில் சேரும் கதிரியக்கத் தைமிடின் காட்டியது. 1980-இல் பார்டால், வோகல்ஸ்டீன், காஃபி ஆகியோர் ஒரு படி மேலே சென்றனர்: நொதி இழைமீது ஓடுவதில்லை; நிலையான இடத்தில் நிற்கும் நொதியினூடே டிஎன்ஏ இழுபட்டுச் செல்கிறது என்றனர்.

செறிந்த உப்பே இந்தச் சட்டகத்தை உருவாக்கியிருக்கலாம் என்ற மறுப்பு எழுந்தது. ஆக்ஸ்ஃபோர்டின் பீட்டர் குக்கும் டீன் ஜாக்சனும் செல்களை அகரோஸ் மணிகளுக்குள் பொதிந்து, செல்லில் உள்ளதற்கு நெருக்கமான உப்பு அளவிலேயே ஆராய்ந்தனர். டிஎன்ஏ-வும் புரதமும் சேர்ந்த குரோமாட்டினின் பெரும்பகுதியை வெட்டி அகற்றிய பின்னும் பாலிமரேஸின் செயல் உட்கருவிலேயே தங்கியது. 1993-இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில், நகலாக்கம் நடக்கும் மையங்களான 'நகலாக்கத் தொழிற்சாலைகள்' தென்பட்டன.

இதற்கிடையே ஆப்பிரிக்கத் தவளையின் முட்டைச் சாறு வேறொரு வழியைத் திறந்தது. அதில் சேர்த்த டிஎன்ஏ, உட்கரு போன்ற உறைக்குள் அடங்கிய பிறகே நகலானதை பிளோவும் லாஸ்கியும் 1986-இல் காட்டினர். உறையின் உட்புறத்தைத் தாங்கும் லாமின் புரதத்தை நீக்கியபோது நகலாக்கம் நடைபெறவில்லை. ஆனால் 1998-இல் வால்டர், சன், நியூபோர்ட் ஆகியோர் உட்கருவினுள்ளிருந்து எடுத்த செறிந்த சாற்றைச் சேர்த்து, உட்கருவே இல்லாமல் நகலாக்கத்தை நிகழ்த்தினர். நொதிகளையும் அவற்றை முடுக்கும் கைனேஸ்களையும் ஓரிடத்தில் செறிவூட்டுவதே உறையின் முதன்மைப் பங்கு என்பது இதனால் புலனாயிற்று.

2000-இல், நகலாக்கத்தில் பங்கேற்கும் பிசிஎன்ஏ புரதத்தை ஒளிரச் செய்து உயிருள்ள செல்களில் பின்தொடர்ந்தபோது, நகலாக்க மையங்கள் ஓரிடத்தில் கூடி, வேலை முடிந்ததும் கலைவது தெரிந்தது. உட்கருவில் நிரந்தரச் சட்டகம் உண்டா என்பது இன்றும் விவாதத்துக்குரியது. நகலாக்க நொதிகள் குறிப்பிட்ட மையங்களில் திரண்டு இயங்குகின்றன என்பதோ உறுதியாகிவிட்டது.