திருக்காவலூரும் சூசையப்பரும்

கொள்ளிடத்தின் வடகரையில், திருமானூரை அடுத்து, நெல்வயல்களின் நடுவே அமைந்துள்ள ஏலாக்குறிச்சி என்னும் சிற்றூருக்குத் திருக்காவலூர் என்று அழகிய பெயரொன்று சூட்டி, அடைக்கல மாதாவுக்கு அங்கே ஆலயம் எழுப்பி, அவ்வூரைத் தமிழிலக்கிய சரித்திரத்தில் அழியாத ஸ்தானம் பெறச் செய்தவர், 1680-ஆம் ஆண்டு இத்தாலி தேசத்தில் பிறந்து, 1710-இல் கோவா வந்து இறங்கி, பின்னர் நம்மவரால் வீரமாமுனிவர் என்று போற்றப்பெற்ற இயேசு சபைத் துறவி கொன்ஸ்டான்சோ பெஸ்கி ஆவார். அரியலூர்ப் பாளையக்காரரான அரங்கப்ப மழவராயருக்கு வந்த ராஜபிளவையை முனிவர் பச்சிலை வைத்துக் குணப்படுத்தியதாகவும், அதற்கு நன்றியாக மழவராயர் ஆலயத்துக்கு நிலம் அளித்ததாகவும் வழங்கும் கர்ண பரம்பரைக் கதையை இப்பிரதேசத்தார் இன்றும் பக்தியோடு சொல்வார்கள்.

மார்கழி பிறந்ததும் எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் குழந்தைகளுக்குக் குடில் வேலை வந்துவிடும். முன்கூட்டியே தட்டுகளில் மண் பரப்பிக் கேழ்வரகு விதைத்து, அது முளைத்துப் பசும்புல்லாய் நிற்கும்போது மாட்டுத்தொழுவத்தைச் சுற்றி அடுக்குவார்கள், வைக்கோல் பரப்புவார்கள், அரியலூர் மண்ணில், பல கோடி ஆண்டுகளுக்குமுன் இங்கே கடல் இருந்ததற்குச் சாட்சியாய்க் கிடைக்கும் சிப்பிக் கற்களையும் கொண்டுவந்து பெத்லகேம் மலையாகக் குவிப்பார்கள். 1223-ஆம் ஆண்டு கிரேச்சோ என்னும் இத்தாலிய மலையூரில், அசிசி நகரத்துப் பிரான்சிஸ், மெய்யான மாட்டையும் கழுதையையும் நிறுத்தி, எழுத்தறியாத ஜனங்களும் கண்ணால் கண்டு உணரும்படி சேசு பாலனின் பிறப்பைக் காட்டிய அந்த வழக்கம், எத்தனையோ தேசங்களைக் கடந்து, எங்கள் வீட்டுத் திண்ணையில் கேழ்வரகுப் பயிரோடு நிற்பதை நினைக்க என் மனம் நெகிழ்கிறது.

எங்கள் வீட்டில் ஓர் ஆண்டு, தேவமாதாவின் சுரூபத்தையும் இடையர்களையும் ஆடுகளையும் ஆசையோடு வைத்து முடித்த என் சிறுவன், கைத்தடியோடு எஞ்சி நின்ற சூசையப்பரை எடுத்துக்கொண்டு, "அப்பா, இவர் இங்கே என்ன செய்கிறார்?" என்று கேட்டான். பிள்ளையைப் பெற்றவள் தாய், வணங்க வந்தவர்கள் இடையர், பாடியவர்கள் சம்மனசுகள், ஒரு மூலையில் மௌனமாக நிற்கும் இவருக்கு என்ன வேலை என்பது அவனுடைய நியாயமான சந்தேகம்.

அந்தக் கேள்விக்கு இந்த மண்ணில் ஒரு மகாகாவியமே விடையாக எழுந்திருக்கிறது என்பதில் எனக்கு அளவில்லாத பெருமை உண்டு. 1726-இல் முனிவர் முடித்த தேம்பாவணி, மூன்று காண்டங்களும் முப்பத்தாறு படலங்களும் 3,615 விருத்தங்களும் கொண்டு, சூசையப்பராகிய வளனையே தலைவனாக வைத்துப் பாடப்பெற்றது. ஸ்பெயின் தேசத்துக் கன்னித்துறவி ஆகிருதா மரியாளின் நூலை ஆதாரமாகக் கொண்டாலும், நாட்டுப் படலமும் நகரப் படலமும் அமைத்து, யூதேயா தேசத்தையே நீர்வளம் கொழிக்கும் மருத நிலமாக்கிக் காட்டும் அந்தக் கை, கம்பரைக் கற்றுத் தேர்ந்த கை. அரசகுமாரரையே பெரும்பாலும் காவிய நாயகராகக் கண்டு பழகிய தமிழுக்கு, தாவீது வம்சத்தில் வந்தும் உளி பிடித்து உழைத்துண்ட ஒரு தச்சர், தாம் பெறாத பிள்ளையைத் தம் பிள்ளையாய் ஏற்று, சத்திரத்தில் இடமின்றி அலைந்து, கொலைவாளுக்கு அஞ்சித் தாயையும் சேயையும் இரவோடிரவாக எகிப்துக்கு அழைத்துச் சென்று காத்த ஒரு வளர்ப்புத் தந்தை, தலைவராக வாய்த்தார். மனையறமே கொள்ளாத ஒரு துறவி, தந்தைமையை இத்தனை ஆயிரம் பாடல்களால் போற்றினார் என்பதை, பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு எண்ணிப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு நாம் செலுத்தியிருக்கும் நன்றி மிகக் குறைவு என்றே படுகிறது.

முற்காலத்துப் பெற்றோருக்குக் கிறிஸ்து பிறப்புத் திருநாள் எளிதாயிருந்ததில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1962-இல் கூடுவதற்கு முன்பு நடுச்சாமப் பூசை முழுதும் லத்தீன் மொழியிலே நடந்தது. நற்கருணை வாங்குவோர் பன்னெடுங்காலமாக நடுநிசி முதல் நீரும் பருகாது விரதம் காத்தனர். வயற்புறத்து ஊர்களிலிருந்து பனியில் நடந்து கோவிலுக்கு வந்தவர்கள், தூங்கிச் சரியும் குழந்தைகளைத் தோளில் சுமந்தே வந்தார்கள். பொருள் விளங்காத பூசையின் நடுவே அப்பிள்ளைகளுக்கு விளங்கிய பாஷை குடில் ஒன்றே. விடிந்தபின் அதிரசமும் முறுக்கும். அண்டை வீடுகளுக்குத் தட்டேந்திப் பலகாரம் கொண்டுபோகும் பொறுப்பும் அவர்களுடையதே. மார்கழிக் கோலத்தில் பரங்கிப்பூ வைத்திருக்கும் வாசல்களில் அந்தத் தட்டை வாங்கிக்கொண்டவர்கள், தை பிறந்ததும் அதே தட்டில் பொங்கலும் கரும்பும் வைத்து அனுப்பினார்கள். குழந்தைகளின் கால்களே நடத்திவந்த இந்தப் பண்டமாற்றை எங்கள் ஊர்களின் சரித்திரத்தில் நான் சிறிதாக மதிப்பதில்லை.

பரமார்த்த குருவின் கதையைச் சொல்லிச் சிரிக்காத தமிழ்க் குழந்தை அரிது. அதை எழுதியவர் திருக்காவலூர் முனிவரே என்று அறிந்த குழந்தைகள் மிகச் சிலர். கதையைத் தந்தவர் கையிலிருந்தே காவியத்தையும் நம் பிள்ளைகள் பெறவேண்டுமென்று விரும்பி, டிசம்பர் மாதத்து இரவுகளில் தேம்பாவணியின் விருத்தங்களை எளிய வசனமாக்கிச் சொல்லிவருகிறேன். எகிப்து யாத்திரை வரையில் வந்திருக்கிறோம். வழியில் குழந்தைக்குப் பசித்தால் சூசையப்பர் என்ன கொடுத்திருப்பார் என்று சின்னவள் கேட்டிருக்கிறாள். பெரியவன் இவ்வாண்டு அவரை மூலையிலிருந்து எடுத்துத் தொட்டிலின் அருகே, கதவுப் பக்கமாக, காவலுக்கு நிறுத்தியிருக்கிறான்.