மொந்தால் போட்ட பாதை

பியானோ ட்யூனர் என்றால் கண் தெரியாதவர் என்ற நினைப்பு பிரான்சிலும் இங்கிலாந்திலும் வெகுகாலம் இருந்தது. கண்ணை எடுத்துக்கொண்ட கடவுள் காதைக் கூர்மையாக்கிக் கொடுத்தார் என்று அதற்கு ஒரு விளக்கமும் உண்டு. சென்னையில் வீடு வீடாகப் போய் ட்யூன் செய்து பிழைப்பவன் நான். எனக்கு இந்த விளக்கம் பிடிப்பதில்லை. காது சும்மா கூர்மையாவதில்லை, பழக்கினால்தான் ஆகும். அப்படிப் பழக்குவதற்கு ஒரு வழிமுறை வகுத்தவர்களில் முக்கியமானவர் க்ளோத் மொந்தால்.

1800இல் லா பாலிஸ் என்ற சிற்றூரில் பிறந்தவர். சிறுவயதிலேயே பார்வை போயிற்று. பாரிஸ் பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்தார். லூயி பிரெயில் படித்த அதே பள்ளி. அங்கிருந்த பியானோக்களைச் சரிபார்க்க வெளியிலிருந்து ஒரு ட்யூனர் வருவார். அவர் வேலையில் திருப்தி இல்லாமல் மொந்தாலும் இன்னொரு மாணவரும் தாங்களே பெட்டியைத் திறந்து கைவைத்தார்கள். ட்யூனர் புகார் செய்ய, இனித் தொடக்கூடாது என்று தடை வந்தது. இருவரும் ஒரு பழைய பியானோவை வாங்கி, அக்கக்காகக் கழற்றி, பழுதுபார்த்துப் பூட்டினார்கள். அதைப் பார்த்த பிறகு பள்ளியின் பியானோக்களையே அவர்கள் பொறுப்பில் விட்டது நிர்வாகம்.

அவர்கள் கேட்டுக் கற்றது என்ன? மேல்ஸ்தாயியில் ஒரு கட்டைக்கு மூன்று கம்பி. கீழே போகப் போக இரண்டு, பிறகு ஒன்று. மொத்தம் 200க்கு மேல். ஒரு கம்பி நொடிக்கு 440 முறை அதிர, பக்கத்துக் கம்பி 441 முறை அதிர்ந்தால், நாதம் நொடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும். நாங்கள் கேட்பது அந்த அலையைத்தான். மூன்றில் ஒன்றை ஃபெல்ட் கம்பளித் துண்டால் அடக்கி, மற்ற இரண்டையும் ஒலிக்கவிட்டு, கம்பி சுற்றியிருக்கும் பின்னை லீவரால் மயிரிழை அளவு திருப்பினால் அலை நீண்டுகொண்டே போய் ஓயும். திருப்புவது எளிது. திருப்பிய பின் அங்கேயே நிற்கவேண்டும், அதுதான் பாடு. என் கை அதற்குப் பழகத்தான் அதிக காலம் பிடித்தது.

அதைவிடப் பெரிய பாடம் ஒன்று இருக்கிறது. சுத்தமான ச-ப இடைவெளியைப் பன்னிரண்டு முறை அடுக்கினால் ஏழு ஸ்தாயியைத் தாண்டிச் சற்று மேலே போய் நிற்கும், வட்டம் மூடாது. ஆகவே ஒவ்வொரு பஞ்சமத்தையும் துளி குறைக்கவேண்டும். அப்படிக் குறைத்த பிறகும் காந்தாரம் சுத்தமான இடத்துக்கு நன்றாகவே மேலே நிற்கும். மயிலாப்பூரில் பாட்டு சொல்லிக்கொடுக்கும் ஒரு மாமி இதைப் பிடித்துவிட்டார். "காந்தாரம் ஏறியிருக்கே சார்" என்றார். எந்தக் கட்டையை ஷட்ஜமாக வைத்தாலும் வாசிக்க வரவேண்டும், அதற்காகப் பிசகை எல்லாவற்றுக்கும் பங்கு போட்டிருக்கிறது என்றேன். "அப்போ எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் அபஸ்வரமா?" ஆமாம் மாமி என்பதைத் தவிர என்ன சொல்ல! தம்புராவில் ஊறிய காதை ஏமாற்ற முடியாது. பணத்தை எண்ணிக் கொடுத்தார், முகம் மட்டும் மலரவில்லை.

மொந்தாலுக்கு வாய்த்த வாடிக்கையாளர்கள் இந்த மாமியைவிடக் கடினம். 1830இல் பள்ளியை விட்டு வெளியே வந்து தொழில் தொடங்கினார். கண் தெரியாதவர் கையில் விலை உயர்ந்த பியானோவை ஒப்படைக்க யாருக்கும் மனம் வரவில்லை. கான்சர்வத்துவார் இசைக்கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் வீட்டில் இரண்டு பியானோக்கள். இரண்டையும் ஒரே சுருதிக்குக் கொண்டுவர மற்ற ட்யூனர்களால் ஆகவில்லை. மொந்தால் கொண்டுவந்தார். அந்தப் பேராசிரியர் சொன்ன வார்த்தையில்தான் வேலை வரத் தொடங்கியது. இன்றைக்கும் எங்கள் தொழிலில் ஒரு வீட்டார் சொல்லித்தான் அடுத்த வீடு, விளம்பரமெல்லாம் அப்புறம்.

1836இல் அவர் ஒரு புத்தகம் எழுதினார். தன் பியானோவைத் தானே எப்படி ட்யூன் செய்வது என்பதுதான் பொருள். வாடிக்கையாளருக்கே தொழிலைக் கற்றுக்கொடுத்தால் பிழைப்பு என்னாவது என்று தோன்றும். எனக்கு இதில் ஒரு சாமர்த்தியம் தெரிகிறது: சொந்தமாக நாலு கம்பியைத் திருகிப் பார்த்தவர் அடுத்தமுறை கூலியில் பேரம் பேசமாட்டார். பியானோ செய்யும் தொழிலிலும் இறங்கினார். 1865இல் காலமானார்.

இனி இங்கிலாந்துக்கு வருவோம். 1872இல் லண்டன் அப்பர் நார்வுட்டில், பிரான்சிஸ் கேம்பெல், தாமஸ் ஆர்மிட்டேஜ் இருவர் முயற்சியில், பார்வையற்றோருக்கு ஒரு கல்லூரி எழுந்தது. இசையோடு ட்யூனிங்கும் அங்கே பிழைப்புக்கான பாடம். ட்யூனிங்கில் இந்த மாணவர்கள் பேர் வாங்கியது தெய்வ வரத்தால் அல்ல, ஒழுங்கான பயிற்சியால்.

வீட்டில் பியானோ வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். நாங்கள் வந்து உட்கார்ந்ததும் மின்விசிறியை நிறுத்துங்கள். மிக்ஸியைக் கொஞ்ச நேரம் தள்ளிப்போடுங்கள். அலை காதில் விழாவிட்டால் எந்த ட்யூனராலும் வேலை செய்ய முடியாது.