பொது வேளாண் கொள்கை, ஐரோப்பா

உழவர்களுக்கான மானியத்தை ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் ஒரே பொது நிதியிலிருந்து வழங்கும் ஏற்பாடு. 1957 ரோம் உடன்படிக்கையில் கருக்கொண்டு 1962இல் நடைமுறைக்கு வந்தது. இதை வடிவமைத்தோரில் முதன்மையானவர் நெதர்லாந்தின் சிக்கோ மான்ஷோல்ட். அவரும் ஓர் உழவரே. சந்தை விலை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் விளைபொருளைப் பொது நிதியே வாங்கிக்கொள்ளும் என்பதே இதன் அடிப்படை. விரைவில் கிடங்குகள் நிரம்பின. 1968இல் மான்ஷோல்ட்டே சீர்திருத்தத் திட்டம் கொண்டுவந்தார். சுமார் 50 லட்சம் பேர் உழவை விட்டு விலகச் செய்து பண்ணைகளைப் பெரிதாக்குவது அதன் நோக்கம். 1971 மார்ச்சில் அதை எதிர்த்துப் பிரஸ்ஸல்ஸில் திரண்ட உழவர் போராட்டத்தில் ஒருவர் உயிரிழந்தார். திட்டத்தில் சிறு பகுதியே சட்டமானது.

ஐரோப்பாவின் உபரிப் பால் இந்தியா வந்த கதை தனித்துச் சொல்லத்தக்கது. 1970இல் தொடங்கிய 'ஆபரேஷன் ஃபிளட்' திட்டத்தின் முதல் கட்டத்துக்கு ஐ.நா. உலக உணவுத் திட்டம் வழியாக 1,26,000 டன் கொழுப்பு நீக்கிய பால் பொடியும் 42,000 டன் வெண்ணெய் எண்ணெயும் நன்கொடையாக ஒதுக்கப்பட்டன. அவற்றை இலவசமாகப் பங்கிடக் கூடாது என்பதில் திட்டத்தை முன்னின்று நடத்திய வர்கீஸ் குரியன் உறுதியாக இருந்தார். பொடியையும் எண்ணெயையும் தண்ணீரில் கலந்து பாலாக்கி, நாட்டுப் பாலோடு சேர்த்து, சென்னை, பம்பாய், தில்லி, கல்கத்தா நகரங்களில் விற்றனர். கிடைத்த பணம் குளிரூட்டு நிலையங்களாகவும் தீவன ஆலைகளாகவும் கிராமக் கூட்டுறவுகளாகவும் மாறியது. ஒரு நாட்டின் கிடங்குச் சுமை இன்னொரு நாட்டில் முதலீடானது அரிது. கர்நாடகத்தின் தென் மாவட்டங்களில் 1974 முதல் உலக வங்கிக் கடனுதவியோடு கூட்டுறவுகள் வளர்ந்தன. ஓசூர் சாலையிலுள்ள பெங்களூரு பால்பண்ணைக்கு அவற்றின் பால் வந்தது. இறக்குமதிப் பொடி கிராமத்துப் பால் விலையை அமுக்கியது என்று 1980களில் குற்றச்சாட்டு எழுந்தது. 1984இல் எல்.கே. ஜா தலைமையிலான குழு இத்திட்டத்தை ஆராய்ந்தது. கருத்து வேறுபாடு அதன் பின்னும் முற்றாகத் தீரவில்லை.

ஐரோப்பாவில் 1984இல் பாலுக்கு உற்பத்தி உச்சவரம்பு வந்தது. 1992இல் ஐரோப்பிய வேளாண் ஆணையர் ரே மக்ஷாரி தானிய ஆதரவு விலையைக் குறைத்து, ஈடாக உழவருக்கு நேரடித் தொகை வழங்கச் செய்தார். 2003இல் அதே பதவியிலிருந்த ஃபிரான்ஸ் ஃபிஷ்லர் அந்தத் தொகையின் பெரும்பகுதியை விளைச்சல் அளவிலிருந்து பிரித்தார். இத்தகைய தொகை உலகச் சந்தையைப் பாதிப்பதில்லை என்பது ஒன்றியத்தின் வாதம். இந்தியா உள்ளிட்ட பல நாடுகள் இதை முழுமையாக ஏற்கவில்லை. மானியத்தில் ஏறக்குறைய 80 விழுக்காடு 20 விழுக்காட்டுப் பயனாளிகளையே சேர்கிறது என்பது நெடுநாளைய குறை. சிறு உழவர் இதில் இன்னும் ஓரத்திலேயே நிற்கிறார்.

எதிர்ப்பு அரசுகளோடு நிற்கவில்லை. 1999இல் பேராசிரியர் நஞ்சுண்டசாமியின் கர்நாடக ராஜ்ய ரைத சங்கத்தினர் உள்ளிட்ட பல நூறு இந்திய உழவர்கள், உலக வணிக அமைப்பின் கொள்கைகளை எதிர்த்து ஐரோப்பிய நகரங்களில் பயணம் செய்தனர்.

ஐரோப்பாவில் பால் உச்சவரம்பு 2015இல் நீக்கப்பட்டது. 2023–27 காலத்துக்கான விதிகளில் உள்ள சுற்றுச்சூழல் நிபந்தனைகள் சில, 2024 தொடக்கத்தில் நடந்த டிராக்டர் போராட்டங்களை அடுத்துத் தளர்த்தப்பட்டன. 1980களின் தொடக்கத்தில் ஒன்றிய வரவுசெலவில் மூன்றில் இரு பங்காக இருந்த இக்கொள்கைக்கான செலவு, இப்போது மூன்றில் ஒரு பங்கை ஒட்டி நிற்கிறது.