கெஜட்டும் தமுக்கும்

1950 வாக்கில் மன்னார்குடியைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஒரு சேதி எல்லோருக்கும் தெரிய வேண்டுமென்றால் தமுக்கு அடிக்க வேண்டும். குளத்து மீன் ஏலமோ, வரி பாக்கியோ, தெருமுனையில் நின்று கூவினால்தான் கடைசிக் குடிசைவரை எட்டும். அரசாங்க கெஜட்டை அங்கே யார் கண்டார்கள்?

பி. சீனிவாச ராவ் வளர்த்த செங்கொடிச் சங்கத்துக்காரர்கள் இங்கே தலைமறைவாகத் திரிந்த காலம் அது. 1950 மார்ச் 10 அன்று, பட்டணத்தில் வி.ஜி. ராவ் பொதுச் செயலாளராக இருந்த பீப்பிள்ஸ் எஜுகேஷன் சொசைட்டியை, இவர்களுடைய கம்யூனிஸ்ட் கட்சிக்கு உதவுகிறது என்று சொல்லி, சட்டவிரோதம் என்று சென்னை அரசு அறிவித்தது. வி.ஜி. ராவ் உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தார். அரசு டெல்லியில் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1952 மார்ச் 31 அன்று அந்த மேல்முறையீட்டைத் தள்ளித் தீர்ப்பு எழுதியவர், தலைமை நீதிபதி எம். பதஞ்சலி சாஸ்திரி.

இவர் யார்? 1922 முதல் 1939 வரை, பதினேழு வருஷம், சென்னையில் வருமான வரி கமிஷனருக்காக வாதாடிய வக்கீல். பிறகு உயர் நீதிமன்ற நீதிபதி. 1947 டிசம்பரில் ஃபெடரல் கோர்ட். நாடாளுமன்றக் கட்டடத்தில் மன்னர்கள் அவைக்கென்று கட்டிய மண்டபத்தில் நடந்த அந்த கோர்ட்தான் 1950 ஜனவரியில் உச்ச நீதிமன்றமானது.

அரசுக்காக இத்தனை காலம் பேசியவர் அரசின் பக்கமே சாய்வார் என்று நினைத்தால் 1950 மே மாதம் நம்மைத் திணறடிக்கும். 19ஆம் தேதி, கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனை விசாரணையின்றி அடைத்துவைத்த தடுப்புக் காவல் சட்டம் செல்லும் என்ற பெரும்பான்மையில் சாஸ்திரியும் இருந்தார். எனக்கு இன்றும் அது உறுத்துகிறது. சரியாக ஒரு வாரம். 26ஆம் தேதி, ரொமேஷ் தாப்பரின் பம்பாய் வாரப் பத்திரிகை 'கிராஸ் ரோட்ஸ்' சென்னை ராஜ்யத்துக்குள் வரக்கூடாது என்ற தடையை அதே சாஸ்திரி உடைத்து எழுதினார். 1951இல் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வர அந்தத் தீர்ப்பின் சூடும் ஒரு காரணம். அதை எதிர்த்த வழக்கில், திருத்தம் செல்லும் என்று எழுதியவரும் இவரே.

வி.ஜி. ராவ் தீர்ப்பில் நான் திரும்பத் திரும்பப் படிக்கும் இடம் ஒன்று உண்டு. தடை உத்தரவு கெஜட்டில் வந்தால் போதும் என்றது அந்தத் தடைச் சட்டம். சங்க ஆபீஸ் கதவில் ஒட்ட வேண்டியதில்லை. சங்கம் நடக்கும் ஊரில் அறிவிக்க வேண்டியதில்லை. கெஜட்டை எத்தனை பேர் பார்ப்பார்கள் என்று கேட்கிறார் சாஸ்திரி. தடை வந்ததே தெரியாத உறுப்பினர் ஜெயிலுக்குப் போக நேருமே என்கிறார். சர்க்கார் காகிதம் எதுவரை போகும், எங்கே நின்றுவிடும் என்பது அதோடு பதினேழு வருஷம் புழங்கியவருக்குத் தெரிந்திருக்கிறது.

அதே 1952 ஆகஸ்டில், ராஜாஜி அரசு தஞ்சைப் பண்ணையாட்களைக் காக்க அவசரச் சட்டம் போட்டது. அந்தச் சேதி மன்னார்குடி வயல்களுக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.